நின்ற வண்டியின் வழக்கு

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்று மைல் தூரந்தான். ஆனி மாதம் பிறந்து, திரிகூடமலையின் நெற்றியில் மேகம் இறங்கி, ஆரியங்காவுக் கணவாயின் வழியே புறப்பட்ட ஈரக்காற்று தென்காசிக் கோபுர வாயிலில் நுழைவோரின் மேலாடையைப் பற்றி இழுக்கத் தொடங்கிவிட்டதென்றால், அந்த மூன்று மைலும் சாலை என்ற பெயரை இழந்து, நகர்ந்தும் நகராமலும் நிற்கிற வண்டிகளின் வரிசையாகிவிடுகிறது. மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள், பேரருவியின் இரைச்சல் காதில் விழுந்த மாத்திரத்தில் பொறுமை இழந்து, கண்ட இடத்தில் காரை ஓரங்கட்டிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு மணி நேரம் அருவியில் நின்று, உச்சி முதல் உள்ளங்கால் வரை குளிர்ந்து, சூடான மிளகாய் பஜ்ஜிப் பொட்டலமும் கையுமாகத் திரும்பி வருகிறபோது, வண்டியின் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அல்லது கைப்பேசியில் ஒரு செய்தி வந்திருக்கிறது. அபராதம் 500 ரூபாய்.

அந்தச் சீட்டைப் பெறுகிறவர்களில் பெரும்பாலோர் முணுமுணுத்துக்கொண்டே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். சிலர் எதிரே நிற்கிற காவலரோடு சண்டை பிடித்து, இருந்த நியாயத்தையும் இழந்து போகிறார்கள். “இதை மறுத்து நான் யாரிடம் சொல்ல வேண்டும்?” என்று நிதானமாகக் கேட்கிறவர் மிகச் சிலரே. அந்தக் கேள்விக்கு விடை உண்டு. அந்த விடைக்கு நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரமும் உண்டு. அச்சரித்திரம் கார்களோடு தொடங்கவில்லை, காளைகளோடு தொடங்குகிறது.

ரயில் வருவதற்கு முன்னால் குற்றாலத்துக்கு வந்தவர்கள் மாட்டு வண்டியில் வந்தார்கள். சித்திரை விசுவுக்கும் ஐப்பசி விசுவுக்கும் திருக்குற்றாலநாதரைத் தரிசிக்க வந்த கிராமத்துக் குடியானவர்கள் கூண்டு வண்டியிலும், கொஞ்சம் வசதி படைத்தவர்கள் வில்வண்டியிலும் வந்தார்கள். ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டுப் பார்க்க மலையடிவாரத்தில் தோட்டம் போட்ட கம்பெனிக்காரர்களும், திருநெல்வேலிச் சீமையின் வெயிலுக்குத் தப்பி இங்கே பங்களா கட்டிக்கொண்ட வெள்ளைக்காரத் துரைமார்களும் பல்லக்கிலும் குதிரையிலும் வந்தார்கள். இவர்கள் அல்லாமல், கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்கு அரிசியும் பருத்தியும் வத்தலும் ஏற்றிச் சென்று, பாக்கும் மிளகும் ஏற்றித் திரும்பும் பார வண்டிகள் தென்காசியையும் செங்கோட்டையையும் தொட்டுக்கொண்டு இரவு பகலாகப் போய்வந்தன. 1904-ஆம் ஆண்டில் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில்பாதை திறந்த பிறகுதான் அந்த வண்டி வரிசை மெல்ல மெல்லத் தேய்ந்தது.

மாட்டு வண்டி நிற்பதற்கும் மோட்டார் வண்டி நிற்பதற்கும் ஒரு பெரிய வேற்றுமை இருக்கிறது. காரை நிறுத்திவிட்டால் அது இரும்பு, கேட்பாரில்லாமல் நிற்கும். வண்டியை நிறுத்தினாலோ, நுகத்தடியை இறக்க வேண்டும். பூட்டவிழ்த்த காளைகளுக்கு நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், வைக்கோலும் பருத்திக்கொட்டையும் வேண்டும். வண்டிக்காரனுக்குத் தலைசாய்க்க ஒரு திண்ணையாவது வேண்டும். ஆகவே நம் முன்னோர் வண்டி நிற்கும் இடத்தை வெறும் காலி மனையாகக் கருதவில்லை. புளிய மரமோ ஆலமரமோ நிழல் தர, ஒரு கிணறும் அதன் பக்கத்தில் கல்தொட்டியும் அமைய, அருகே ஒரு சத்திரமும் இருந்த இடத்துக்கு வண்டிப்பேட்டை என்று பெயர். தென்பாண்டி நாட்டில் அத்தகைய பேட்டை இல்லாத சந்தையூர் அபூர்வம். பேட்டையில் நிற்கும் வண்டிக்குக் கட்டணம் உண்டு. தெருவில் நிற்கும் வண்டிக்குத் திட்டு உண்டு. இந்த இரண்டையும் பிற்காலத்தில் சட்டமாக எழுதியபோது ஒன்று கட்டணச் சீட்டாகவும் மற்றொன்று அபராதச் சீட்டாகவும் ஆயின. இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்குவதனாலேயே இன்றும் பலர் தம் பணத்தையும் உரிமையையும் சேர்த்து இழக்கிறார்கள். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வழியை அடைத்தவனுக்குத் தண்டம் என்பது நமக்குப் புதிதன்று. மனிதர் நடக்கும் வழியை மறித்தால் 12 பணம், பெரிய கால்நடைகள் செல்லும் வழியை மறித்தால் 24 பணம், யானை செல்லும் வழியை மறித்தால் 54 பணம் என்று கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தில் ஏறுவரிசையில் தண்டம் விதித்திருக்கிறார். ஆனால் தண்டம் விதிக்கப்பட்டவன் அதை மறுத்துரைக்கும் முறை எழுத்தில் தெளிவாகி, சாமானியன் கைக்கு எட்டியது ஆங்கிலேயர் காலத்துச் சட்டங்களில்தான். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 283-ஆம் பிரிவு, பொதுவழியில் எவருக்கேனும் அபாயமோ தடையோ தீங்கோ விளைவித்தவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் என்றது. 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டத்தில் 34-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது: சரக்கை ஏற்றி இறக்கவோ ஆட்களை ஏற்றி இறக்கவோ தேவையான நேரத்துக்கு மேல் வண்டியைத் தெருவில் நிறுத்தி வைப்பது குற்றம் என்று அது வகுத்தது. சென்னை ராஜதானிக்கு 1859-லேயே தனியாக ஒரு போலீஸ் சட்டம் இருந்தது; நகரங்களின் தெருக்களுக்கென்று 1889-இல் நகரத் தொல்லைகள் சட்டமும் வந்தது.

ஏற்றி இறக்கத் தேவையான நேரம் என்ற அந்தச் சொற்றொடரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நிற்பதெல்லாம் குற்றமில்லை, காரியம் முடிந்த பின்னும் நிற்பதே குற்றம் என்ற விவேகம் அதில் இருக்கிறது. இன்று சாலையோரத்தில் நாம் காணும் இரண்டு வட்டப் பலகைகளும் அந்த விவேகத்தின் வாரிசுகளே. நீல வட்டத்தில் ஒரே ஒரு சிவப்புக் கோடு குறுக்கே சென்றால் வண்டியை நிறுத்தி வைக்கலாகாது என்று பொருள்; ஆளை இறக்கிவிட்டு உடனே நகர்வதை அது தடுப்பதில்லை. இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டால் கணநேரமும் நிற்கக் கூடாது என்று பொருள். நடக்க முடியாத தாயாரை அருவிக்கரைக்குச் சமீபத்தில் இறக்கிவிட்டு நகர்ந்த மகனுக்கும், அங்கேயே வண்டியைப் பூட்டிவிட்டுக் குளிக்கப் போனவனுக்கும் உள்ள தாரதம்மியம் இந்த ஒரு கோட்டில் இருக்கிறது. மறுத்துரைக்க விரும்புகிறவர் முதலில் எண்ண வேண்டியதும் அந்தக் கோட்டைத்தான்.

இவற்றையெல்லாம்விட என் மனத்தைக் கவர்ந்த சட்டம் 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம். சர்க்கார் தமிழில் கொண்டித்தொழு என்றும், ஜனங்கள் வாயில் பவுண்டு என்றும் வழங்கிய அடைப்பிடத்தைப் பற்றிய சட்டம் அது. பயிரை மேய்ந்த மாட்டையும், பொதுச் சாலையில் அலைந்து அதைக் கெடுத்த மாட்டையும் பிடித்துக்கொண்டுபோய்ப் பவுண்டில் அடைக்கலாம்; உடையவன் அபராதமும் தீனிச் செலவும் கட்டி மீட்டுக்கொள்ள வேண்டும். மூலச் சட்டத்தில் அபராதப் பட்டியல் ஒன்று இருக்கிறது: யானைக்கு 2 ரூபாய், எருமைக்கு 8 அணா, காளைக்கும் பசுவுக்கும் 4 அணா, கன்றுக்கு 2 அணா, ஆட்டுக்கு 1 அணா. இன்று தவறான இடத்தில் நின்ற காரைப் பளுதூக்கி வண்டியால் இழுத்துச் சென்று, இழுத்த கூலியையும் உடையவரிடமே வசூலிக்கிற வழக்கம் இருக்கிறதே, அதன் பாட்டன் இந்தப் பவுண்டுதான்.

அச்சட்டத்தை இயற்றியவர்கள் அபராதத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. இரண்டு காரியங்களை அதோடு கட்டாயமாக்கினார்கள். முதலாவது, அபராதத் தொகைகளையும் தீனிச் செலவு விகிதத்தையும் எழுதிய பட்டியல் ஒன்று ஒவ்வொரு பவுண்டிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட வேண்டும். இரண்டாவது, தன் மாடு அநியாயமாகப் பிடிபட்டது என்று கருதுகிறவன், பிடிபட்ட நாளிலிருந்து பத்து நாளுக்குள் மாஜிஸ்டிரேட்டிடம் பிராது கொடுக்கலாம். பிராது எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாயால் சொன்னாலும் போதும், மாஜிஸ்டிரேட்டே அதன் சாரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். தானே வர முடியாதவன், விவரம் அறிந்த தன் ஆளை அனுப்பலாம். விசாரித்ததில் பிடித்தது சட்டவிரோதம் என்று தெரிந்தால், கட்டிய அபராதமும் செலவும் திரும்பி வருவதோடு, 100 ரூபாய் வரை நஷ்டஈடும் மாட்டைப் பிடித்தவனே கொடுக்க வேண்டும். அதே சமயம், நியாயஸ்தலத்துக்குப் போகாமல் பலாத்காரமாகத் தொழுவத்தை உடைத்து மாட்டை ஓட்டிச் சென்றால், ஆறு மாதம் வரை சிறை.

காளைக்கு 4 அணா அபராதம் விதித்த அந்தக் காலத்தில் 100 ரூபாய் எத்தனை பெரிய தொகை என்பதை எண்ணிப் பார்த்தால், சட்டத்தின் உள்ளக்கிடக்கை விளங்கும். அபராதம் சிறியது, அபராதத்தைத் துஷ்பிரயோகம் செய்வதற்கான பரிகாரம் பெரியது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சம்சாரி, கோவணமும் தலைப்பாகையுமாக மாஜிஸ்டிரேட் முன்னால் நின்று, “எஜமான், என் காளை பாதையில் நிற்கவில்லை, என் வரப்பில்தான் நின்றது” என்று சொன்னால், சர்க்கார் அதைத் தன் மையால் எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டிருந்தது. வெள்ளையர் ஆட்சியில் நமக்கு நேர்ந்த சிறுமைகளை நான் மறந்துவிட்டுப் பேசவில்லை. பவுண்டுக்காரர்கள் செய்த அக்கிரமங்களைப் பற்றிக் கிராமத்துக் கிழவர்கள் சொன்ன கதைகளும் நினைவில் இருக்கின்றன. ஆயினும் ஏட்டில் எழுதிய முறை உத்தமமானது. அறிவிப்புப் பலகை முன்னே, அபராதம் பின்னே, முறையீட்டுக்கு வழி அதற்கும் பின்னே என்ற வரிசை அதில் பிசகாமல் இருக்கிறது.

இந்த நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரத்தைத் தொடர்ந்து வாசித்தால், அந்தப் பலகை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம், வண்டிப்பேட்டை அமைத்துக் கட்டணம் வசூலிக்கும் அதிகாரத்தை நகராட்சிகளுக்குக் கொடுத்தபோது, அந்தக் கட்டண விவரத்தை ஆங்கிலத்திலும் அவ்வூர் மொழியிலும் எழுதி, பேட்டையிலேயே பார்வையான இடத்தில் வைக்க வேண்டும் என்று சேர்த்தே சொன்னது. அதற்குள் ஊருக்குள் மோட்டார் வந்துவிட்டது. 1914-இல் முதல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்து, 1939-இல் விரிவான இரண்டாம் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. நகராட்சிச் சட்டமோ தன் பழைய சொல்லைக் கைவிட மனமில்லாமல், வண்டிப்பேட்டை என்பதில் மோட்டார் வண்டிகள் நிற்கும் இடமும் அடங்கும் என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. பல ஆண்டுக் காலம், தமிழ்நாட்டின் பஸ் நிலையங்கள் சட்டத்தின் கண்ணுக்கு மாட்டு வண்டிப் பேட்டைகளாகவே இருந்தன. நுகத்தடியும் கல்தொட்டியும் போய், டீசல் புகை வந்த பிறகும் பெயர் மாறவில்லை என்பது எனக்கு ஏதோ ஓர் ஆறுதலாகவே இருக்கிறது.

வண்டி எங்கே நிற்கலாம் என்ற வியாஜ்யம் தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனதும் உண்டு. கும்பகோணத்தில் டி. பி. இப்ராஹிம் என்பவர் சொந்த இடத்தில் பஸ் நிலையம் வைத்து நடத்திவந்தார். தஞ்சாவூர் வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள், பஸ்கள் இனி நகராட்சி நிலையத்திலிருந்துதான் புறப்பட வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். தம் தொழில் அழிந்துபோகிறது, அரசியல் சட்டம் அளித்த உரிமை பறிபோகிறது என்று அவர் வழக்காடினார். பொதுஜன சௌகரியத்தை முன்னிட்டு வண்டி நிற்கும் இடத்தை மாற்ற அதிகாரிகளுக்கு உரிமை உண்டு என்று கூறி, உச்ச நீதிமன்றம் அவருடைய அப்பீலைத் தள்ளிவிட்டது. 1953-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் அந்தத் தீர்ப்பு இடம்பெற்றிருக்கிறது. அவர் தோற்றார். ஆனால் பொதுச் சாலை என்பது எவருடைய பிதுரார்ஜிதமும் இல்லை, அங்கே நிற்பது பொதுநன்மைக்கு உட்பட்ட சலுகை என்ற கொள்கை அந்தத் தோல்வியால் தெளிவாயிற்று. அபராதச் சீட்டை மறுக்க விரும்புகிறவர்களும் இந்தத் தீர்ப்பை மறக்கலாகாது. “எல்லோரும்தான் நிறுத்துகிறார்கள்” என்பதும், “இருபது வருஷமாக நான் இங்கேதான் நிறுத்துகிறேன்” என்பதும் நியாயஸ்தலத்தில் வாதமாக மாட்டா.

கடல் கடந்த நாடுகளில் இந்த வழக்கின் ஆரம்பம் விசித்திரமானது. 1935 ஜூலையில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் உலகத்திலேயே முதன்முதலாகக் காசு போட்டு வண்டி நிறுத்தும் கருவியை நட்டார்கள். அடுத்த மாதமே, கருவியின் நேரம் தீர்ந்த குற்றத்துக்காக ஒரு பாதிரியாரைப் பிடித்தார்கள். சில்லறை மாற்றிவரக் கடைக்குப் போயிருந்தேன் என்று அவர் சொன்னதை ஏற்று, நீதிபதி அந்த வழக்கைத் தள்ளிவிட்டார். லண்டனில் 1960 செப்டம்பரில் போக்குவரத்துக் காவலர்கள் முதல் சீட்டை எழுதியபோது, அது மாரடைப்பு வந்த ஒரு நோயாளியைப் பார்க்க ஓடிய டாக்டரின் வண்டிமேல் போய் விழுந்தது. ஜனங்கள் ஆட்சேபித்தார்கள், அந்த அபராதம் கைவிடப்பட்டது. இரண்டு மகா நகரங்களிலும் முதற்சீட்டே முறையீட்டில் மாறிப்போயிற்று என்றால், சீட்டு எழுதும் கை தவறக்கூடியது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

இனி, முன்பு சொன்ன இரண்டு சீட்டுகளின் விஷயத்துக்கு வருகிறேன்.

குற்றாலத்தில் ஒருவர் கையில் வந்து சேரக்கூடிய சீட்டு இருவகைப்படும். ஒன்று, பேரூராட்சியின் வண்டி நிறுத்துமிடத்தில் ஏலம் எடுத்த குத்தகைதாரரின் ஆள் கிழித்துக் கொடுக்கும் கட்டணச் சீட்டு. இது பழைய வண்டிப்பேட்டைக் கூலியின் நேர்வாரிசு. அதில் அச்சிட்ட தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அது சட்டத்துக்குப் புறம்பானது. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் வசூலிக்கலாகாது என்று அரசியல் சட்டத்தின் 265-ஆம் பிரிவே கூறுகிறது. குத்தகைதாரருக்குக் கட்டணம் வாங்கும் உரிமை உண்டே தவிர, அபராதம் போடும் அதிகாரம் ஒருகாலும் கிடையாது. அதிகம் கேட்டால், சீட்டைப் பத்திரப்படுத்தி, பேரூராட்சியின் செயல் அலுவலரிடமோ, திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலோ மனுக் கொடுக்கலாம். 2019 நவம்பர் 22-ஆம் தேதி தென்காசி தனி மாவட்டமான பிறகு, இதற்காகத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏற வேண்டிய அவசியமும் இல்லை. சீட்டே கொடுக்காமல் காசு கேட்டால், சீட்டு கேளுங்கள். கொடுக்காவிட்டால் காசு கொடுக்க வேண்டாம்.

மற்றொன்று, காவல்துறையினர் எழுதும் அபராதச் சீட்டு; சலான் என்றும் பெட்டி கேஸ் என்றும் ஜனங்கள் சொல்வது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிறர்க்கு அபாயமோ தடையோ இடையூறோ உண்டாகும்படி வண்டியை விட்டுச் செல்வதை 122-ஆம் பிரிவில் தடுக்கிறது. 177-ஆம் பிரிவின் கீழ் அதற்கான தண்டம் நெடுங்காலம் 100 ரூபாயாக இருந்து, 2019 செப்டம்பர் முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் 500 ரூபாயாயிற்று. மறுமுறை செய்தால் 1,500 ரூபாய். தமிழ்நாட்டு அரசு 2022 அக்டோபரில் வெளியிட்ட ஆணையால் இந்தப் புதிய தொகைகள் நம் சாலைகளுக்கு வந்தன.

இங்கேதான் பெரும்பாலோர் அறியாத உண்மை ஒன்று இருக்கிறது. சாலையில் காவல் அதிகாரி பெற்றுக்கொள்ளும் தொகை, நியாயஸ்தலம் விதித்த தண்டனை அன்று. அதே சட்டத்தின் 200-ஆம் பிரிவு அதை இசைவுத் தீர்வு என்று வழங்குகிறது. “இதைக் கட்டிவிடுகிறேன், வழக்கு வேண்டாம்” என்று குற்றம் சாட்டப்பட்டவர் இசைந்து செலுத்துவது அது. இசைவு என்றால், இசைய மறுக்கும் உரிமையும் அதற்குள்ளேயே இருக்கிறது. இசையாதவரின் வழக்கு மாஜிஸ்டிரேட்டிடம் போக வேண்டும். அங்கே குற்றத்தை மெய்ப்பிக்கும் பாரம் குற்றம் சாட்டியவரைச் சார்ந்தது. ஆகவே உங்கள் கண்ணாடியில் ஒட்டப்பட்ட காகிதம் ஒரு குற்றச்சாட்டு. தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை.

மாஜிஸ்டிரேட் முன்னால் எவை எடுபடும்? தடைப் பலகை அவ்விடத்தில் இருந்ததா, இருந்தும் ஆலம்விழுதோ விளம்பரத் தட்டியோ அதை மறைத்திருந்ததா, வண்டி நின்ற இடம் பலகையின் எல்லைக்கு உட்பட்டதா, நேரம் சரியாகக் குறிக்கப்பட்டதா, வண்டியின் எண்ணை எழுதியதில் பிழையுண்டா, நோயாளியை இறக்கவோ அவசரத்துக்கோ நின்றதா என்பன எடுபடும். அந்தக் கணமே எடுத்த புகைப்படம் ஒன்று, மறுநாள் சொல்லும் நூறு வார்த்தைகளுக்கு மேல். பலகையே இல்லாத இடத்திலும் சில இடங்கள் விதியாலேயே விலக்கப்பட்டவை: வளைவு, சாலைச் சந்திப்பு, பாலம், நடைபாதை, பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடத்தின் அல்லது ஆஸ்பத்திரியின் வாசல் ஆகியவற்றில் நிறுத்திவிட்டுப் பலகையில்லை என்று சொல்லிப் பயனில்லை. இன்னும் ஒன்று: அபராதம் மட்டுமே தண்டனையாகவுள்ள குற்றத்தை நியாயஸ்தலம் ஆறு மாதத்துக்குள் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வரம்பு கட்டியது, 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அந்த வரம்பை அப்படியே வைத்திருக்கிறது. குற்றம் உண்மைதான், ஆனால் வெளியூரிலிருந்து வந்து நிற்க இயலாது என்பவருக்கு, சம்மனில் குறித்த தொகையை அனுப்பி எழுத்து மூலம் ஒப்புக்கொள்ளும் வழியையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 208-ஆம் பிரிவு திறந்து வைத்திருக்கிறது.

இவ்வளவும் சொன்னதால், சட்டத்தின் ஓட்டைகளில் நுழைந்து தப்பிக்க வழி சொல்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். குற்றாலத்தின் பாதைகள் குறுகியவை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சிற்றாறும் கடைகளும். ஐந்தருவிச் சாலையில் எதிரெதிரே இரண்டு பஸ்கள் வந்தால் மூச்சு முட்டும். சாரல் ஓய்ந்தபின் கார்த்திகையிலும் மார்கழியிலும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இதே பாதையில் வந்து குவிகின்றன. இம்மலையில் எங்கோ பெய்த மழை, அருவியடியில் நிற்பவர் அறியுமுன் வெள்ளமாக இறங்கும் இயல்பினது. 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் அப்படி இறங்கிய வெள்ளம் பதினேழு வயதுப் பாலகன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. அத்தகைய வேளையில் மீட்பு வண்டியும் ஆம்புலன்சும் நுழைய வேண்டிய பாதையில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனவனின் கார் நின்றால், அவனுக்கு 500 ரூபாய் அபராதம் குறைவென்றே சொல்வேன். பழைய தண்டனைச் சட்டத்தின் 283-ஆம் பிரிவு விதித்த 200 ரூபாய், புதிய பாரதிய நியாயச் சட்டத்தின் 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை உயர்ந்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. தவறு செய்தவர் கட்டத்தான் வேண்டும். தாமதமின்றிக் கட்ட வேண்டும்.

ஆனால் தவறு செய்யாதவர் சலிப்பினால் கட்டுவது வேறு விஷயம். வெளியூர்க்காரன் ஒருவன், ஒரு நாள் வந்து ஒரு நாளில் திரும்புகிறவன், 500 ரூபாய்க்காகத் தென்காசி கோர்ட்டுக்கு மறுபடி வரமாட்டான் என்பதை எல்லோரும் அறிவார்கள். அந்தச் சலிப்பையே ஆதாரமாகக் கொண்டு வசூல் நடக்குமானால் அது நியாயமாகாது. சம்சாரியின் வாய்ப்பிராதைத் தன் கையால் எழுதிக்கொள்ளச் சித்தமாயிருந்த 1871-ஆம் ஆண்டின் சட்டம், இந்தச் சலிப்பை உணர்ந்திருந்தது. இன்று சீட்டு கைப்பேசிக்கு வருகிறது, பணமும் கைப்பேசியிலேயே போகிறது. மறுப்பும் அதே எளிமையோடு, தமிழில், அதே வழியில் போய்ச் சேர வேண்டும்.

தென்காசி விசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், தனக்குப் பின்னால் இக்கோயிலைக் காப்பவர் யாரோ அவருடைய பாதங்களில் தான் விழுந்து வணங்குவதாகக் கல்லில் எழுதி வைத்தான். நாடாண்டவன் தன் வேண்டுகோளை எல்லோரும் படிக்கும்படி வாசலில் பொறித்துவைத்த ஊர் இது. ஆகவே, குற்றாலம் பேரூராட்சியாரையும் தென்காசி மாவட்ட நிர்வாகத்தாரையும் காவல்துறையினரையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. அடுத்த ஆனி பிறந்து முதல் சாரல் விழுவதற்கு முன்னால், பேரருவி முதல் பழைய குற்றாலம் வரை ஒவ்வொரு நிறுத்துமிடத்தின் வாயிலிலும் கட்டண விவரத்தையும், நிறுத்தலாகாத ஒவ்வோர் இடத்திலும் தடைப் பலகையையும், இரண்டின் அடியிலும் முறையீடு செய்ய வேண்டிய அதிகாரியின் பதவியையும் முகவரியையும் நல்ல தமிழில், பெரிய எழுத்தில், மரக்கிளை மறைக்காத உயரத்தில் எழுதி நிறுத்துங்கள்.